விமானப் பணிக்குத் தயாராகும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால், கரூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். உறவினர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய தோழிகள், சில சமயம் முன்பின் அறியாத ஒரு தாயோ தந்தையோ பேசுவார்கள். கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: மாநிறமாக இருந்தால் எடுப்பார்களா, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டா, பயிற்சி நிலையத்தில் சேர எவ்வளவு கட்ட வேண்டும். நானும் மாநிறம்தான், பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள், இன்று ஒரு விமான நிறுவனத்தில், விமானத்துக்குள் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் கேபின் க்ரூவாகப் பணியாற்றுகிறேன். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கும் பதில்களை ஒருமுறையாவது நிதானமாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் வேலையின் அடிப்படை பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பு. இதைப் புரிந்துகொண்டால் உயரக் கட்டுப்பாடு முதல் கொண்டை வரை இந்தத் தொழிலின் எல்லா விதிகளுக்கும் காரணம் விளங்கிவிடும். புரிந்துகொள்ளாதவரை எல்லாமே அழகுப் போட்டியின் நிபந்தனைகளைப் போலத் தோன்றி மனத்தைச் சோர்வடையச் செய்யும். இந்தியாவில் விமானப் போக்குவரத்தை முறைப்படுத்தும் டிஜிசிஏ அமைப்பின் விதிப்படி, விமானத்தில் பொருத்தப்பட்டுள்ள ஒவ்வொரு 50 இருக்கைகளுக்கும் ஒரு கேபின் க்ரூ இருக்க வேண்டும். 186 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தில் நால்வரும், சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பறப்பது போன்ற 78 இருக்கைகள் கொண்ட ஏடிஆர் விமானத்தில் இருவரும் பணியாற்றுவது இந்தக் கணக்கின்படிதான். ஒரு குவளைத் தண்ணீர்கூட வழங்காத விமானமாக இருந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. உணவு பரிமாறுவது நிறுவனம் எங்களிடம் ஒப்படைத்த வேலை. கதவருகே அமர்ந்திருப்பது சட்டம் எங்களிடம் ஒப்படைத்த வேலை.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய நிறுவனங்கள் பெண்களிடம் பொதுவாக 155 சென்டிமீட்டர் உயரம் எதிர்பார்க்கின்றன. எமிரேட்ஸ் நிறுவனம் 160 சென்டிமீட்டர் உயரத்தோடு, நுனிக்காலில் நின்று கையை நீட்டினால் 212 சென்டிமீட்டர் எட்ட வேண்டும் என்றும் கேட்கிறது. தீயணைப்பான், ஆக்சிஜன் உருளை, மெகாஃபோன், முதலுதவிப் பெட்டி போன்றவற்றில் பல தலைக்கு மேலுள்ள பெட்டிகளில்தான் வைக்கப்பட்டிருக்கும். புகை சூழ்ந்த நேரத்தில் ஏணி தேட முடியாது. கூந்தலை இறுகக் கொண்டை போடச் சொல்வதும் அதுபோலத்தான். புகைக்கவசத்தை மாட்டும்போது கழுத்தைச் சுற்றிய ரப்பர் விளிம்பில் முடி சிக்கினால் அந்த இடைவெளி வழியே புகை உள்ளே வந்துவிடும். தோலின் நிறத்துக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. என்னுடன் பணியாற்றுகிறவர்களில் எல்லா நிறத்தவரும் இருக்கிறார்கள். நிறத்தை வெளுப்பதாகச் சொல்லும் களிம்புகளுக்குச் செலவழிக்கும் பணத்தைப் பல் மருத்துவரிடம் செலவழியுங்கள். அந்தச் செலவு வீண்போகாது. சீருடைக்கு வெளியே தெரியும் இடத்தில் பச்சை குத்தியிருந்தால் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால், வேலை கிடைக்கும் வரையிலாவது அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள்.

அடுத்து, பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனம் மிகவும் வருந்துவது இதில்தான். என்னுடன் பயிற்சி பெற்ற ஒரு தோழி, விமானப் பணிப்பெண் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் நிலையத்தில் ஓராண்டு படித்தவள். அவளுடைய அம்மா நகைகளை அடகு வைத்து அதற்குக் கட்டணம் செலுத்தியிருந்தார். ஒப்பனை செய்வது, நடப்பது, புன்னகைப்பது, ஓட்டல் மேசையில் கத்தியையும் முள்கரண்டியையும் அடுக்குவது ஆகியவற்றை அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள். நேர்முகத் தேர்வில் அந்தச் சான்றிதழை ஒருவரும் கேட்கவில்லை. தேர்வான பிறகு, ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் வந்த நானும், அவ்வளவு கட்டிவிட்டு வந்த அவளும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். டிஜிசிஏ அங்கீகரித்த பாடத்திட்டத்தின்படி, தான் இயக்கும் விமான வகைகளுக்கான பயிற்சியை விமான நிறுவனம்தான் தர வேண்டும். வெளியே வாங்கிய எந்தச் சான்றிதழும் அதற்கு மாற்றாகாது. ஒரு நல்ல நிலையம் தன்னம்பிக்கையையும் ஆங்கிலப் பேச்சையும் வளர்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று எழுதித் தொங்கவிடும் இடத்தில் அடகுக் கடைப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும். தொடக்கத் தகுதி அவ்வளவுதான்.

இதைவிடக் கொடியது போலி வேலைக் கடிதம். விமான நிறுவனத்தின் சின்னத்தை அச்சிட்டு, ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், சீருடைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் முன்பணம் அனுப்புங்கள்’ என்று வரும் மின்னஞ்சல்களை நம்பிப் பணத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. ஆள் தேர்வுக்காகத் தாங்கள் பணம் வாங்குவதில்லை என்று விமான நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களிலேயே எச்சரித்துள்ளன. நேர்முகம் நடக்கும் நாளையும் இடத்தையும் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்த பிறகே ஊரிலிருந்து புறப்படுங்கள். அதே சமயம், தேர்வான பிறகு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பயிற்சிச் செலவு குறித்த நிபந்தனை இருக்கக்கூடும்: இத்தனை காலத்துக்குள் வேலையை விட்டால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது போல. அந்தப் பக்கத்தை வீட்டுக்கு அனுப்பி, சட்டம் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஆங்கிலம் எங்கள் பிள்ளைகளைப் பெரிதும் அச்சுறுத்துகிறது. அந்த அச்சம் எனக்கும் இருந்தது. அது போன வழியைச் சொல்கிறேன். மேல்நிலை வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த ஆசிரியை, செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொன்னதோடு நிற்காமல், அன்றாடம் கண்ணெதிரே நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார். ‘காலையில் ரேஷன் கடை வரிசையில் நடந்த சண்டையைச் சொல்’ என்பார். யார் முதலில் வந்தார், யார் இடையில் புகுந்தார், கடைக்காரர் என்ன சொன்னார், கடைசியில் என்ன ஆனது என்று நடந்ததை நடந்த வரிசையில், யார் பக்கமும் சாயாமல் சொல்ல வேண்டும். இலக்கணப் பிழையை அவர் பொறுத்துக்கொள்வார். வரிசை மாறினால் மறுபடியும் சொல்ல வைப்பார். இன்று விமானத்தில் ஒரு பயணி மயங்கி விழுந்தாலோ, இருவர் தகராறு செய்தாலோ கேப்டனிடம் இன்டர்காமில் சொல்வதும், தரையிறங்கிய பின் அறிக்கை எழுதுவதும் அதே பயிற்சிதான்: எந்த இருக்கை, எப்போது, என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், இப்போது என்ன நிலை. அலங்கார ஆங்கிலம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. குழப்பமற்ற, கேட்பவருக்கு உடனே புரிகிற ஆங்கிலம் வேண்டும். அதை ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ள முடியும்.

நேர்முகத் தேர்வு பெரும்பாலும் ஒரு நட்சத்திர ஓட்டலின் கூடத்தில் நடக்கும். காலையில் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். உயரத்தையும் எடையையும் பார்ப்பார்கள். பிறகு சுய அறிமுகம், குழு உரையாடல், எழுத்து அல்லது கணினித் தேர்வு, இறுதி நேர்காணல் என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். நான் கலந்துகொண்ட குழு உரையாடலில் ஒரு பெண் சொல்லத் தொடங்கியதை முடிக்க முடியாமல் திக்கி நின்றபோது, பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல், ‘இவர் ஒரு நல்ல கருத்தைத் தொடங்கினார், முடிக்கட்டும்’ என்றார். அவர் அன்று தேர்வானார். பேச்சுத் திறமையில் அவரை விஞ்சியவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். அடுத்தவரைக் கவனிக்கிறவரா, கூட்டத்தில் தன் குரலை மட்டும் கேட்கிறவரா என்பதைத்தான் அந்தச் சுற்றில் பார்க்கிறார்கள் என்பது பின்னர் என் பயிற்சியாளர் சொல்லி எனக்குத் தெரிந்தது. இறுதி நேர்காணலில் என்னிடம், ‘தரையிறங்கும் நேரத்தில் ஒரு பயணி இருக்கையின் சாய்மானத்தை நிமிர்த்த மறுத்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டார்கள். ஏன் மறுக்கிறார் என்று முதலில் கேட்பேன், முதுகு வலியாக இருக்கலாம். பிறகு, சாய்ந்த இருக்கை பின்வரிசைக்காரர் வெளியேறும் வழியை மறிக்கும் என்பதை விளக்குவேன். அப்போதும் மறுத்தால் எங்கள் மூத்த பணியாளரிடம் தெரிவிப்பேன் என்று பதில் சொன்னேன். காரணம் கேட்பது, காரணம் சொல்வது, மேலிடத்துக்குத் தெரிவிப்பது என்ற இந்த வரிசையை எந்தக் கேள்விக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

மருத்துவப் பரிசோதனையில் நம் பெண்கள் பலர் தடுமாறுவது ரத்தச்சோகையால். கண்ணாடி அணிபவர்கள் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து பணியாற்ற நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. காது, மூக்கு, நிறப்பார்வை ஆகியவற்றையும் சோதிப்பார்கள். ஆனால் ஹீமோகுளோபின் குறைவு ஒரே வாரத்தில் சரியாகிற சங்கதி அல்ல. விண்ணப்பிக்க நினைக்கும் நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டு, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். முருங்கைக் கீரை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

எனக்குப் பயிற்சி குருகிராமில் நடந்தது. முதல் சில நாட்களிலேயே வகுப்பில் சிலருடைய முகம் மாறிவிட்டது. தூதரக விருந்துக்குச் செல்வது போன்ற ஒரு வாழ்க்கையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, தடித்த கையேடுகளும் தினசரித் தேர்வுகளும், பாதி மதிப்பெண் எடுத்தால் போதாது என்ற உயர்ந்த தேர்ச்சி வரம்பும் அதிர்ச்சியாக இருந்தன. விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகள், 24 மணி நேரக் கணக்கு, இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து உலகப் பொதுநேரம் சொல்வது, ஆபத்தான பொருட்களின் வகைகள், ஒவ்வொரு அவசரக் கருவியும் எங்கே இருக்கிறது, புறப்படுமுன் அதில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியவை மிகுதி. சென்னைக்கு எம்ஏஏ, மதுரைக்கு ஐஎக்ஸ்எம், திருச்சிக்கு டிஆர்இஸட் என்பவற்றை நான் ஊரிலேயே படித்துக்கொண்டு போயிருந்தது பெரிய உதவியாக இருந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கதவைப் பற்றிய பாடம்தான் என்னை முழுமையாக மாற்றியது. ஏ320 விமானத்தின் கதவு மாதிரியை ஒரு கூடத்தில் பொருத்தியிருந்தார்கள். புறப்படுமுன் கேப்டனின் உத்தரவு வந்ததும் கதவின் நெம்புகோலை ‘ஆர்ம்டு’ நிலைக்கு மாற்றுவோம். அந்த நிலையில் கதவைத் திறந்தால் அவசரச் சறுக்குப்பாதை தானாக வெளியே விரிந்து காற்றால் நிரம்பும். சேருமிடம் வந்து நின்றதும் அதைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிர்க்கதவில் இருப்பவர் சரிபார்த்த பிறகே திறக்க விடுவோம். அவசரத்தில் திறக்கும் முறை வேறு. முதலில் கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே வெளியே பார்க்க வேண்டும்: தீ இருக்கிறதா, நீர் மட்டம் எங்கே, உலோகச் சிதறல் கிடக்கிறதா. தீ இருந்தால் அந்தக் கதவை மறித்து நின்று, பயணிகளை வேறு வழிக்குத் திருப்ப வேண்டும். பாதுகாப்பானது என்றால் கைப்பிடியை முழுவதுமாக உயர்த்திக் கதவை வெளியே தள்ளி, பக்கவாட்டுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, சறுக்குப்பாதை விரிகிறதா என்று பார்க்க வேண்டும். விரியாவிட்டால் தரையருகே தெரியும் சிவப்புக் கைப்பிடியை இழுக்க வேண்டும். பக்கவாட்டுப் பிடியை ஏன் பற்ற வேண்டும் என்றால், பின்னால் முண்டியடிக்கும் கூட்டம் நம்மையே முதலில் வெளியே தள்ளிவிடும். நாம் போய்விட்டால் அந்தக் கதவுக்குப் பொறுப்பாளர் இல்லை. இத்தனையையும் உரத்த குரலில் கட்டளைகளைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். வீட்டில் மெதுவாகப் பேசு, குனிந்து பேசு என்று வளர்க்கப்பட்ட பெண்கள், ‘சீட் பெல்ட்டைக் கழற்று! எல்லாவற்றையும் விட்டுவிடு! இந்தப் பக்கம் வா! குதி!’ என்ற பொருளில் அடிவயிற்றிலிருந்து கத்தப் பழகியதைப் பார்த்தபோது எனக்குக் கண்கள் கலங்கின.

ஒரு பயணிகள் விமானத்துக்குச் சான்று வழங்குமுன், வெளியேறும் வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளுக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்த 90 விநாடிகளுக்காகத்தான் எங்கள் பயிற்சி முழுவதும். அதற்கு உலகமே பார்த்த சான்று 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் கிடைத்தது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம், ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் உயிரிழந்தனர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினார்கள். ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்த நிலையில் பணியாளர்கள் மெகாஃபோனிலும் தங்கள் குரலிலும் வழிகாட்டினார்கள். இருந்த எட்டு வழிகளில் தீ இல்லாத மூன்றை மட்டும் திறந்தார்கள். பயணிகள் பைகளை எடுக்க நிற்கவில்லை. மூடிவைக்கப்பட்ட அந்த ஐந்து கதவுகளுக்குப் பின்னே இருந்த நிதானத்தை நினைக்கும்போது, இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததற்காக எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தீ, நீர், முதலுதவி ஆகிய பயிற்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகை நிரம்பிய அறைக்குள் கவசம் அணிந்து தவழ்ந்து போய்த் தீயின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கவசத்துக்குள் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்பதால் முதல்முறை பதற்றம் வரும், மெதுவாக மூச்சுவிட்டால் அடங்கும். பவர் பேங்க் தீப்பிடித்தால் தீயணைப்பானால் சுடரை அணைத்த பிறகு தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிர்விக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் அடுத்தடுத்த பகுதிகள் மீண்டும் பற்றும். பவர் பேங்கைச் சரக்கு அறைக்குப் போகும் பதிவுப் பெட்டியில் வைக்கக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இதனால்தான். சரக்கு அறையில் பற்றினால் எங்கள் கை எட்டாது. நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட்டுடன் குதித்து, மற்றவர்களைத் தெப்பத்தில் ஏற்ற வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் பயிற்சிக்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது. கிணற்றில் நீந்திப் பழகிய எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பகுதி எளிது. இதயம் நின்றவருக்கு 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சுக் கொடுப்பதை நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள் என்ற வேகத்தில் பொம்மையின் மீது பழகுவோம். ஓரிரு நிமிடங்களிலேயே தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிடும் என்பதால் உடலை முன்கூட்டியே வலுப்படுத்திக்கொள்ளுங்கள். இவை எல்லாம் ஒருமுறை படித்து முடிப்பவையும் அல்ல. ஆண்டுதோறும் மறுபயிற்சியும் தேர்வும் உண்டு. தேறாதவர் பறக்க முடியாது.

பணியில் சேர்ந்த பிறகு வாழ்க்கை ரோஸ்டர் என்ற மாத அட்டவணையைச் சுற்றியே அமையும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து குளித்து, ஒப்பனையை முடித்து, காரில் ஏறும் நாட்கள் பல. சிறு விமானப் பயணங்கள் என்றால் ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்குவோம். நிரம்பிய ட்ராலி ஓர் ஆளின் எடைக்கு மேல் இருக்கும். விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அதைச் சாய்வில் தள்ள வேண்டியிருக்கும். வளைகுடா நாடுகளுக்குப் பறப்பவர்களும் எல்லா முறையும் ஊர் சுற்றிப் பார்ப்பதில்லை. பல பயணங்களில் இறங்காமலே அதே விமானத்தில் திரும்பிவிடுவார்கள். சம்பளம் அடிப்படை ஊதியமும் பறந்த மணிக்கான படியும் சேர்ந்தது. விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரைதான் அந்த மணிக்கணக்கு என்பது பல நிறுவனங்களின் வழக்கம். பயணிகள் ஏறும் நேரமும் காத்திருக்கும் நேரமும் அதில் சேராது. ஆகவே வேலையில் சேருமுன், ‘மாதம் எவ்வளவு வரும்’ என்று மட்டும் கேட்காமல், ‘பறக்காத மாதத்தில் எவ்வளவு வரும்’ என்றும் கேளுங்கள். வங்கிக் கடன் தவணைகளை அடிப்படை ஊதியத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பணிக்கு முன் மூச்சுக்காற்றுச் சோதனை நடக்கும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தியிருக்கக்கூடாது, சோதனையில் அளவு சுழியமாக இருக்க வேண்டும். ‘நாங்கள் குடிப்பவர்களா’ என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். உடல்வலிக்கு அம்மா ஊற்றிக் கொடுக்கும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் நொதித்துத் தயாராவதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. சில இருமல் மருந்துகளிலும், வாய்கொப்பளிக்கும் திரவங்களிலும், ஹோமியோபதிச் சொட்டு மருந்துகளிலும் உண்டு. பணி உள்ள நாட்களில் நிறுவன மருத்துவரைக் கேட்காமல் எதையும் சாப்பிடாதீர்கள். கடும் சளி இருக்கும்போது பறக்கவும் கூடாது. இறங்கும்போது காதில் ஏற்படும் அழுத்தம் செவிப்பறையைப் பாதித்துவிடும். விடுப்பு எடுத்தால் கெட்ட பெயர் வருமோ என்று அஞ்சி இதில் விளையாடாதீர்கள்.

இந்தப் பணியில் தமிழ் எனக்குத் தந்த இடத்தையும் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் செல்லும் விமானங்களில் முதன்முறையாகப் பறப்பவர்கள் ஏராளம். ஒருமுறை, மகளின் பிரசவத்துக்காகத் தனியே சிங்கப்பூர் சென்ற தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர், லேகியமும் கருப்பட்டியும் வைத்த துணிப்பையை மடியிலேயே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். உடன் பணியாற்றிய பெண் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கேட்டும் அவர் தரவில்லை. நான் அருகில் குனிந்து, ‘பாட்டி, வண்டி திடீர்னு நின்னா பை பறந்து உங்க மேலயே வந்து அடிக்கும். முன்னாடி சீட்டுக்குக் கீழே வைக்கிறேன், உங்க காலுக்குப் பக்கத்துலயே இருக்கும்’ என்றேன். ‘அத முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனேம்மா, எடுத்துட்டுப் போயிருவாங்கன்னுல்ல நெனச்சேன்’ என்று உடனே கொடுத்துவிட்டார். பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று அவருக்குச் செய்தும் காட்டினேன், ஏனெனில் ஆபத்தில் பலர் கார் பெல்ட்டைப் போலப் பக்கவாட்டில் பொத்தானைத் தேடுவார்கள். கிராமத்திலிருந்து வருபவர்கள் விதியை மீறுவதில்லை. விதியின் காரணம் அவர்கள் மொழியில் அவர்களிடம் போய்ச் சேர்வதில்லை. அவசர நேரத்தில் ஒரு தமிழ்ச் சொல் எத்தனை உயிரைக் காக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள். நேர்காணலில் உங்கள் மொழிகளைச் சொல்லும்போது தமிழைத் தயக்கமின்றி முதலில் சொல்லுங்கள்.

திருமணத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் பணிப்பெண்கள் வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தாலோ, முதல்முறை கருவுற்றாலோ பணியை இழக்க வேண்டும் என்ற விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் தொடுத்த வழக்கில், கருவுற்றதற்காக வேலையை விட்டு நீக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 1981ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் குறித்த விதியை அன்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று திருமணமாகி, குழந்தை பெற்று, மீண்டும் பறக்கும் பெண்கள் என்னைச் சுற்றிலும் இருக்கிறார்கள். கருவுற்றதும் பறக்கும் பணி நிறுத்தப்படும். அந்த மாதங்களில் வருமானம் குறையலாம் என்பதைக் குடும்பம் முன்பே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வீட்டுப் பெண் வெளியே போகிறாளே என்று என் அத்தை ஆண்டுக்கணக்கில் வருந்தினார். நான் அவருக்கு ரோஸ்டரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். எந்த விமானம், எப்போது இறங்கும், அன்று எந்த ஊரில் தங்கல் என்பது தெரிந்த பிறகு அவருடைய கவலை பெருமளவு குறைந்தது. உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியாக, ஒரு சிறு வேலையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்: உங்கள் பெயரைச் சரிபார்ப்பது. தமிழ்நாட்டில் நாம் இனிஷியலோடு வாழ்கிறோம். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயரின் சுருக்கம், பான் அட்டையில் முழுப் பெயர் என்று ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் பின்னால் சிக்கல் வரும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாகூடத் தர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. வேலை கிடைத்ததும் விமான நிலைய நுழைவு அனுமதி அட்டைக்காகப் பின்னணி விசாரணை நடக்கும். அப்போது ஆவணங்களில் பெயர் ஒத்துப்போகாவிட்டால், உடன் தேர்வானவர்கள் பறக்கத் தொடங்கிய பிறகும் நீங்கள் தாலுகா அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைய நேரிடும். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர்களின் எழுத்து ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, அதை முதலில் முடியுங்கள். மதிப்பெண் பட்டியலில் பிழை இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். பாஸ்போர்ட்டுக்கு அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.